பரிசு பெற்ற படம்

சென்ற ஆண்டு நமது கல்லூரியில் நடைபெற்ற புகைப்படக் கண்காட்சியில் முதற்பரிசு பெற்ற படம் நண்பர்கள் பலருக்கும் நினைவிருக்கும். செங்குத்தான பாறைச் சுவர். அதன் முன்னே இரு சிறகுகளையும் அகல விரித்துப் பறக்கும் ஒரு கொம்பன் ஆந்தை. நம்மையே நேருக்கு நேர் நோக்கும் ஆரஞ்சு நிறக் கண்கள். "ஆப்பிரிக்காவுக்குப் போய் எடுத்தது போல் இருக்கிறதே!" என்று என் முதுகில் தட்டிக் கொடுத்தவர்கள் உண்டு. அந்தப் படத்தை எடுத்தவன் நான்தான். அது எவ்வாறு எடுக்கப்பட்டது என்று அன்று எவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இன்று இந்த மலரின் வாயிலாகச் சொல்லிவிட விரும்புகிறேன். அத்துடன், வன உயிர்களைக் காண்பதும் படம் பிடிப்பதும் பற்றி என் மனத்தில் ஊன்றிவிட்ட ஒரு கருத்தையும் உங்கள் முன் வைக்கிறேன். ஏற்பதும் மறுப்பதும் உங்கள் விருப்பம்.

எங்கள் வீடு சேலையூரில் இருக்கிறது. சிறு வயதில் என்னை வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவுக்கு அழைத்துச் செல்வார் என் தந்தையார். 1855-ஆம் ஆண்டு எழும்பூர் அருங்காட்சியகத்தை ஒட்டி எட்வர்ட் பால்ஃபர் தொடங்கிய விலங்குக் காட்சிச்சாலை, பின்னர் பீப்பிள்ஸ் பார்க்கில் நெடுங்காலம் இருந்து, 1985-ஆம் ஆண்டு வண்டலூரில் விரிந்த இடத்தில் புதுவாழ்வு பெற்றது என்பதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. கம்பியடித்த வண்டியில் ஏறிச் சிங்கத்தைப் பார்த்த அந்த ஒரு நாள் மட்டும் நெஞ்சில் பதிந்துவிட்டது. அன்று முதல் ஆப்பிரிக்கா என் கனவாயிற்று. செரெங்கெட்டி, மாசாய் மாரா, குரூகர் என்று பெயர்களை மந்திரம் போல் உருப்போட்டேன். என்றாவது ஒரு நாள் அங்கே போய், திறந்த ஜீப்பில் நின்றுகொண்டு, நீண்ட லென்சு மாட்டிய காமிராவால் சிங்கத்தைப் படம் பிடிக்க வேண்டும்! விலங்கியல் படிப்பில் சேர்ந்ததற்குக்கூட அந்த ஆசையே காரணம் என்றால் மிகையாகாது.

என் பெரியப்பா மகன் நைரோபியில் கணக்கராக வேலை பார்க்கிறார். சென்ற ஆண்டு பொங்கலுக்கு ஊர் வந்தபோது, மாசாய் மாராவில் எடுத்த படங்களைக் காட்டினார். புல்வெளியில் ஒரு பெண் சிங்கம் படுத்திருக்கிறது. அதைச் சுற்றி வளைத்து வண்டிகள் நிற்கின்றன.

"அண்ணே, எத்தனை வண்டி இருக்கும்?" என்றேன்.

"பதினெட்டு வரைக்கும் எண்ணினேன்டா. அந்தச் சிங்கத்துக்கு நிழலே எங்க வண்டிங்கதான்" என்று சொல்லிச் சிரித்தார்.

நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பில் ஒரு செய்தி இருந்ததை அன்று நான் உணரவில்லை. அதே மாசாய் மாராவில் சிவிங்கிப்புலிகளைப் பற்றி நடந்த ஆராய்ச்சி ஒன்று 2018-ஆம் ஆண்டு வெளிவந்தது. சுற்றுலா வண்டிகள் மிகுதியாக மொய்க்கும் பகுதிகளில் வாழும் தாய்ச் சிவிங்கிகள், மற்ற இடங்களில் உள்ள தாய்களைவிடக் குறைவான குட்டிகளையே வளர்த்து ஆளாக்குகின்றன என்பது அதன் முடிவு. அங்கே எவரும் துப்பாக்கி தூக்கவில்லை. விலங்கின் மீது ஆசை வைத்துப் பார்க்க வந்தவர்கள்தாம் எல்லாரும். ஆனாலும் குட்டிகள் குறைகின்றன. இதை நான் படித்தது பின்னர்தான். அன்று என் கண்ணெல்லாம் அண்ணனின் பழைய காமிராவின் மீதே இருந்தது. அதைப் புரிந்துகொண்ட அவர், ஊர் திரும்பும்போது நீண்ட லென்சுடன் அதை எனக்கே கொடுத்துவிட்டுப் போனார்.

காமிரா கைக்கு வந்துவிட்டது. ஆப்பிரிக்காவுக்கு எங்கே போவது? எங்கள் வட்டாரத்தில் கைவிடப்பட்ட கல்குவாரிகள் பல உண்டு. கல் வெட்டிய பள்ளங்களில் மழைநீர் தேங்கிக் குட்டையாகிவிடும். செங்குத்தான அந்தப் பாறைச் சுவர்களில் கொம்பன் ஆந்தைகள் குடியிருக்கும். நன்மங்கலம் காப்புக்காட்டுக்கே இந்த ஆந்தையால் ஒரு பெயர் உண்டு. நான் போனது வேறொரு குவாரி. அதன் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

பிப்ரவரி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் நானும் என் நண்பன் ஒருவனும் காலை எட்டு மணிக்கே அங்கே போய்ச் சேர்ந்தோம். எதிர்ச் சுவரின் நடுவே ஒரு பாறைத் திட்டில் ஆந்தை உட்கார்ந்திருந்தது. அரைக்கண் மூடி அசையாமல் இருந்தது. பாறையின் நிறமும் அதன் நிறமும் ஒன்றாக இருந்தமையால் முதலில் எங்கள் கண்ணுக்கே புலப்படவில்லை. படம் எடுத்தேன். பார்த்தால் பாறைதான் தெரிந்தது, பறவை தெரியவில்லை. பத்து மணி வரை காத்திருந்தோம். வெயில் ஏறிற்று. ஆந்தை அசைவதாக இல்லை.

"பறந்தா நல்லா இருக்கும்டா" என்றான் நண்பன்.

நான் குனிந்து ஒரு சிறு கல்லை எடுத்தேன். பறவையின் மேல் படக்கூடாது என்று சற்று மேலே பார்த்துத்தான் எறிந்தேன். கல் பாறையில் பட்டுச் சத்தம் எழுந்தது. ஆந்தை கண்ணைத் திறந்தது, சிறகை விரித்தது, எங்களை நோக்கிப் பறந்து, திரும்பி, முட்புதர்களுக்கு அப்பால் போயிற்று. என் விரல் காமிராவை விட்டு எடுபடவில்லை. எங்கிருந்தோ காக்கைகள் கத்திக்கொண்டு அதைத் துரத்தின. நாங்கள் படத்தைப் பார்த்துக் குதித்தோம். தேநீர் குடித்துவிட்டு வீடு திரும்பினோம்.

அடுத்த ஞாயிறு மீண்டும் போனபோது பாறைத் திட்டு வெறுமையாக இருந்தது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் எங்களைக் கண்டு அருகில் வந்தார்.

"போன வாரம் கல்லு விட்ட பசங்க நீங்கதானே?"

எனக்குத் தொண்டை அடைத்தது. "தாத்தா, அந்த ஆந்தை எங்கே?" என்றேன்.

"கோட்டானா? அது இந்தப் பக்கம் வரதே இல்லே. ரெண்டு குஞ்சு இருந்திச்சு தம்பி, பஞ்சு மாதிரி. அது எழுந்து போன நேரம் பாத்துக் காக்கா எறங்கிடிச்சு. ஒண்ணைத் தூக்கினு பூடிச்சு. இன்னொண்ணு பயந்து நகர்ந்து தண்ணியில விழுந்திடிச்சு. நான் மேலேருந்து பாத்துனு இருந்தேன். என்னா பண்றது? பத்து வருசமா இந்தப் பாறையில அதைப் பாக்கறேன். கோட்டான் கத்தினா ஆவாதுன்னு எங்க ஊர்ல சொல்லுவாங்க. நான் ஒரு கல்லு விட்டதில்லே."

அவர் எங்களைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

அன்றிரவு வீட்டில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பாறைத் திட்டின் இடது ஓரத்தில், ஆந்தை எழுந்து போன இடத்தில், வெண்மையாக இரண்டு உருண்டைகள் தெரிந்தன. கண்காட்சியில் கண்டவர்கள் அதைப் பாறையில் படிந்த கறை என்று எண்ணியிருப்பீர்கள். அவை அந்தக் குஞ்சுகள். கொம்பன் ஆந்தை கூடு கட்டுவதில்லை. வெறும் பாறையிலோ மண்ணிலோதான் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும். காத்து நிற்கும் தாய்தான் அவற்றுக்குக் கூடும் கூரையும் எல்லாம். அந்தக் கூரையைத்தான் ஒரு கல்லால் பெயர்த்தெடுத்தேன்.

இதையெல்லாம் தெரிந்துகொண்ட மூன்று வாரங்களுக்குப் பிறகுதான் கண்காட்சி நடந்தது. தெரிந்தே அந்தப் படத்தைக் கொடுத்தேன். பரிசையும் கைநீட்டி வாங்கினேன். கல்லெறிந்தது அறியாமை என்றாவது சொல்லிக்கொள்ளலாம். பரிசு வாங்கியதற்கு என்ன பெயர் சொல்வது?

சட்டம் இதற்குப் பெயர் வைத்திருக்கிறது. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தைப் பாடத்துக்காகப் படித்தபோது திடுக்கிட்டேன். 'வேட்டை' என்னும் சொல்லுக்கு அச்சட்டம் தரும் விளக்கத்தில், கொல்வதும் பிடிப்பதும் மட்டுமல்ல, பறவைகளின் முட்டைக்கோ கூட்டுக்கோ இடையூறு செய்வதும் அடங்கும். அதாவது, சட்டத்தின் கண்ணில் நான் புகைப்படக் கலைஞன் அல்லன், வேட்டைக்காரன்.

துப்பாக்கியும் காமிராவும் உறவுடையவைதாம். ஒரு காலத்தில் புலித்தோலும் மான் கொம்பும் வீட்டுச் சுவரை அலங்கரித்தன. வேட்டையாடுவது பெருமை என்று மன்னர்களும் வெள்ளைக்கார துரைமார்களும் எண்ணினார்கள். அந்த நாளிலேயே வனத்துறை அதிகாரி எஃப். டபிள்யூ. சாம்பியன் துப்பாக்கியை விடுத்துக் காமிராவைக் காட்டுக்குள் கொண்டு போனார். புலி நடக்கும் வழியில் கம்பியைக் கட்டி, அதன் கால் பட்டதும் படம் பதியுமாறு அமைத்து, இரவு நேரத்தில் புலியின் இயல்பான நடையைப் படம் பிடித்தார். அவருடைய நூல் 1927-ஆம் ஆண்டில் வெளிவந்தது. நம் சென்னையிலேயே வாழ்ந்த மா. கிருஷ்ணனை எடுத்துக்கொள்ளுங்கள். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகனாக 1912-ல் பிறந்து, 1996-ல் மறையும் வரை வன உயிர்களைப் பற்றி எழுதிக்கொண்டே இருந்தவர்; கறுப்பு வெள்ளைப் படங்களில் யானையின் வாழ்வையே பதித்து வைத்தவர்; 1970-ல் பத்மஸ்ரீ விருது பெற்றவர். இவர்கள் துப்பாக்கியின் இடத்தில் காமிராவை மட்டும் வைக்கவில்லை. வேட்டைக்காரனின் அவசரத்தையும் கீழே வைத்தார்கள். நானோ கருவியை மட்டும் மாற்றிக்கொண்டு அவசரத்தை அப்படியே வைத்துக்கொண்டேன்.

"படங்களைப் பார்த்துத்தானே மக்களுக்கு விலங்குகள் மீது அன்பு பிறக்கிறது? சுற்றுலா வருமானத்தால்தானே ஆப்பிரிக்கக் காடுகள் காக்கப்படுகின்றன?" என்று நண்பர்கள் சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. 1977-ஆம் ஆண்டு வேட்டையைத் தடைசெய்த நாடு கென்யா. பார்க்க வருவோர் தரும் பணம் அங்கே பலருக்குச் சோறு போடுகிறது. காட்டை அழிக்காமல் வைத்திருக்க ஒரு காரணமாகவும் இருக்கிறது. ஆகவே காமிராவே கூடாது என்பது என் கட்சியன்று. படத்தைக் காட்டிலும் பறவை பெரிது என்பதே என் கட்சி. இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும் என்ற நிலை வந்தால், படத்தை விட்டுவிடத் தெரிய வேண்டும்.

விட்டுக்கொடுத்தால் என்ன கிடைக்கும் என்பதற்குச் சான்று தேடி ஆப்பிரிக்கா போக வேண்டாம். தாம்பரத்திலிருந்து ஜி.எஸ்.டி. சாலையில் தெற்கே சென்று, படாளத்தில் திரும்பினால் வேடந்தாங்கல். ஏறத்தாழ 30 ஹெக்டேர் பரப்புள்ள ஓர் ஏரி, அவ்வளவுதான். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது ஊரார் முறையிட்டு, 1798-ஆம் ஆண்டு செங்கற்பட்டுக் கலெக்டர் லயனல் பிளேசிடம் பாதுகாப்பு உரிமை பெற்றார்கள் என்பது வரலாறு. பறவை எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு உரமாகிறது என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடியை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டியில், பறவைகள் மிரளும் என்று தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதையே விட்டுவிட்டார்கள். பள்ளிக் குழந்தைகள் உட்பட ஓர் ஊரே தன் மகிழ்ச்சியில் ஒரு பங்கைப் பறவைக்கு ஒதுக்கிவிட்டது. ஒரு நல்ல படத்துக்காக இரண்டு மணி நேரம் பொறுக்க முடியாத நான், அந்த ஊர்ச் சிறுவர்கள் முன் எப்படி நிற்பேன்?

இந்த ஆண்டு ஜனவரியில் வேடந்தாங்கல் போனேன். காமிராவை வீட்டிலேயே வைத்துவிட்டு, நண்பனின் தொலைநோக்கியை இரவல் வாங்கிப் போனேன். பார்ப்பவர் கரையின் மேல். பறவைகள் ஏரியின் நடுவே நீர்க்கடம்ப மரங்களின் மேல். இடையே தண்ணீர். அந்த இடைவெளிதான் சரணாலயம் என்று அன்று எனக்குப் புரிந்தது. நத்தைகுத்தி நாரை ஒன்றை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். உச்சி வெயில். கூட்டில் குஞ்சுகள். தாய் வெயிலுக்கு முதுகைக் காட்டி, இரு சிறகையும் பாதி விரித்து, குடை பிடித்தாற்போல் நின்றது. வெயில் நகர நகர அதுவும் சிறிது சிறிதாகத் திரும்பிக்கொண்டது. யாரும் அதை விரட்டவில்லை. அதுவும் யாரையும் பார்க்கவில்லை. ஒன்றரை மணி நேரம் நின்றேன். படம் எதுவும் என்னிடம் இல்லை. ஆனால் நான் பார்த்தவற்றுள் இதுவே சிறந்த காட்சி.

நைரோபி நகரின் ஓரத்திலேயே 1946-ல் அமைக்கப்பட்ட தேசியப் பூங்கா ஒன்று உண்டு. பரப்பு ஏறக்குறைய 117 சதுர கிலோமீட்டர். மாடிக் கட்டடங்களைப் பின்னணியாகக் கொண்டு அங்கே சிங்கம் நடக்கும் என்று அண்ணன் சொல்வார். நமக்கும் நகருக்குள்ளேயே ஒரு தேசியப் பூங்கா இருக்கிறது. 1978-ல் அறிவிக்கப்பட்ட கிண்டிப் பூங்கா மூன்று சதுர கிலோமீட்டர்கூட இல்லை. ஆனால் அதில் வெளிமான் இருக்கிறது, புள்ளிமான் இருக்கிறது. நம்மில் எத்தனையோ பேர் தாம்பரத்திலிருந்து மின்சார ரயில் ஏறி நாள்தோறும் கிண்டியைக் கடந்துதான் போகிறோம். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் அதற்கும் தெற்கே. ஒருபுறம் குப்பை மேடு, நடுவே சாலை, சுற்றிலும் கட்டடம் என்று குறுகிப் போன பிறகும் பூநாரைகள் அங்கே வருகின்றன. 2007-ல் 317 ஹெக்டேர் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2022-ல் அது ராம்சார் பட்டியலிலும் இடம் பெற்றது. அறிவிப்புகள் நல்லவைதாம். ஆனால் அறிவிப்புப் பலகை கல்லைத் தடுக்காது. கல்லை எடுக்கும் கைதான் தடுத்துக்கொள்ள வேண்டும். எஞ்சியிருப்பது இவ்வளவு சிறியதாக இருக்கும்போது, ஒருவனுடைய கல்கூட பெரிய கல்லாகிவிடுகிறது.

ஆகவே நம் கல்லூரிக்கு மூன்று வேண்டுகோள்கள்.

முதலாவது, இனி புகைப்படப் போட்டிக்கு வரும் ஒவ்வொரு வன உயிர்ப் படத்துடனும், அது எடுக்கப்பட்ட விதத்தை நான்கு வரியில் எழுதித் தரச் சொல்லுங்கள். எவ்வளவு தூரத்தில் நின்றோம், எவ்வளவு நேரம் காத்திருந்தோம், பறவை என்ன செய்துகொண்டிருந்தது என்று எழுத வேண்டும். எழுத முடியாத படத்துக்குப் பரிசு வேண்டாம்.

இரண்டாவது, கூட்டையும் குஞ்சையும் காட்டும் படங்களை அறவே விலக்குங்கள். தாய் நம்மை நிமிர்ந்து பார்த்தாலே நாம் நெருங்கிவிட்டோம் என்று பொருள். அப்போது செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று, பின்வாங்குதல்.

மூன்றாவது, கூடு இருக்கும் இடத்தைச் செல்பேசியில் ஊருக்கெல்லாம் பரப்பாதீர்கள். இன்று ஒருவர் அனுப்பும் செய்தி நாளைக் காலை ஐம்பது காமிராக்களாக அங்கே போய் நிற்கும். மாசாய் மாராவின் பதினெட்டு வண்டிகள் நம் குவாரிக்கும் வந்துவிடும். நான் அந்தக் குவாரியின் பெயரை எழுதாமைக்குக் காரணம் இதுதான்.

பரிசுச் சான்றிதழை எங்கள் துறைத் தலைவரிடம் ஒப்படைத்துவிட்டேன். காரணத்தைக் கேட்டுக்கொண்ட அவர், "இதை எழுதிக் கொடு, மலரில் போடலாம். சான்றிதழைத் திருப்பித் தருவதைவிட அது கடினம்" என்றார். அவர் சொன்னது உண்மைதான். இக்கட்டுரையை மூன்று முறை எழுதிக் கிழித்தேன்.

சென்ற மாதம் அந்த முதியவரைச் சாலையோரம் கண்டேன். ஆந்தையின் குரல் மறுபடி கேட்கிறது என்றார்; அதே ஆந்தையா, வேறா என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. "போய்ப் பாக்கறியா தம்பி?" என்று கேட்டார்.

"வேண்டாம் தாத்தா. குஞ்சுங்க பறந்தப்புறம் சொல்லுங்க" என்றேன்.

ஆப்பிரிக்கக் கனவை நான் இன்னும் விடவில்லை. என்றாவது போவேன். போகும்போது அந்த ஜீப்பில் பத்தொன்பதாவது வண்டிக்காரனாக இல்லாமல், ஓட்டுநரிடம் "கொஞ்சம் தள்ளியே நிறுத்துங்கள்" என்று சொல்லக்கூடியவனாகப் போக வேண்டும். அதற்கான பயிற்சியை இந்தக் கிண்டியிலும் பள்ளிக்கரணையிலும் வேடந்தாங்கலிலும் இப்போதே தொடங்கியிருக்கிறேன். நண்பர்களே, நீங்களும் வாருங்கள்.

— விலங்கியல் மூன்றாம் ஆண்டு மாணவன்